‘நல்ல பர்சனாலிட்டி’ என்றால் உயரமா, குணமா?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் க்வாலிட்டி பிரிவில் நான்கு வருஷமாக வேலை செய்கிறேன். அடுத்த மாதம் மெர்ச்சண்டைசர் வேலைக்கு இன்டர்வியூ. வெளிநாட்டு பையர்களோடு, அதாவது ஷூ வாங்கும் கம்பெனிக்காரர்களோடு, பேச வேண்டிய வேலை. கிராமர் ஓரளவு வரும். ஆனால் ஒருவருடைய குணத்தையோ, நான் செய்து காட்டியதையோ, மனசில் இருப்பதையோ சொல்லப் போனால் குட், நைஸ், ஹாப்பி, சேட், ஆங்ரி தவிர வாயில் எதுவும் வருவதில்லை. 500 சொற்கள் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்கிறேன், நிற்கவில்லை. எந்தச் சொற்களைப் படிக்க வேண்டும்?

பதில்:

தம்பி, பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. பட்டியல் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரில் ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்திவிட்டு ‘இது அது’ என்கிறது. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லித் தராததால்தான் பேசும்போது சொல் வெளியே வரத் தயங்குகிறது.

‘பர்சனாலிட்டி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எங்கே போனாலும் “பையன் நல்ல பர்சனாலிட்டி” என்றால் உயரமாக, வாட்டசாட்டமாக இருக்கிறான் என்று பொருள். காட்பாடியில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்க ஆரம்பித்து 18 வருஷம் ஆகிறது. மாதிரி இன்டர்வியூவில் ‘டிஸ்கிரைப் யுவர் பர்சனாலிட்டி’ என்று கேட்டால், வருஷத்துக்கு இரண்டு பேராவது தங்கள் உயரத்தைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது குணம், சுபாவம், நாலு பேரோடு பழகும் விதம். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் உள்ள ‘பெர்சோனா’. நாடகக்காரர்கள் போட்டுக்கொண்ட முகமூடி என்று அர்த்தம். விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும் நம் வடாற்காட்டுக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கட்டியிருக்கும் வேஷத்தைப் பார்த்ததுமே இவன் எப்படிப்பட்டவன் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும் அல்லவா, அதுதான் பெர்சோனா.

உங்கள் வேலையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இடது ஷூ, வலது ஷூ இரண்டையும் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பழுப்பாகத் தெரியும். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தால் ஒன்று லேசாகச் சிவந்திருக்கும். தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான். பட்டியல் உங்களுக்கு ட்யூப் லைட்டில் காட்டுகிறது. வெயிலில் பிடித்துப் பார்க்க ஒவ்வொரு சொல்லிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இது புகழ்ச்சியா, குறையா? எவ்வளவு அழுத்தம்? யார் யாரைப் பற்றிச் சொல்லலாம்?

முதல் கேள்விதான் பெரியது. நம் பக்கத்தில் ஒட்டாரம் என்கிறோமே, அந்தப் பிடிவாதத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதற்கு வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன. டிடர்மின்ட் என்றால் முழுப் புகழ்ச்சி, எடுத்ததை முடிக்கிறவர். பர்சிஸ்டென்ட் என்றால் விடாமல் முயல்கிறவர். பெரும்பாலும் நல்லது, சில இடத்தில் நச்சரிப்பு. ஸ்டபர்ன் என்றால் சொன்னால் கேட்காதவர், குறைதான், ஆனால் பாசத்தோடும் சொல்வார்கள். ஆப்ஸ்டினேட் என்றால் குறை இன்னும் கடுமையாகிறது. தத்துவ அறிஞர் பெர்ட்ராண்ட் ரஸ்ஸல் 1948-ல் பிபிசி வானொலியில் இதை ஒரே வரியில் காட்டினார். நான் ஃபர்ம், நீ ஆப்ஸ்டினேட், அவன் பிக்-ஹெடட் ஃபூல். அதாவது நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் எவன் சொன்னாலும் கேட்காத முட்டாள். மூன்று பேரிடமும் இருப்பது ஒரே குணம். சொல்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதான் சொல்லை மாற்றுகிறது.

நம் ஊரிலேயே பார்க்கலாம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா டாக்டர், மிஷனரி. ஆனால் அந்த வழியில் போக அவருக்கு இஷ்டமே இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வலியில் துடிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வரச்சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். ‘எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா வருவார்’ என்றார். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகு அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சிஎம்சி, அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆரம்பத்தில் மிஷனரி ஆக மாட்டேன் என்று நின்ற பெண்ணை வீட்டார் ஸ்டபர்ன் என்று சொல்லியிருந்தால் தப்பில்லை. பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று நின்ற அதே மனுஷியை டிடர்மின்ட் என்போம். அந்த இரவு அவர் மனசை உலுக்கிய குணத்துக்குக் காம்பேஷனேட் என்று பெயர், அடுத்தவர் வலி தன் வலியாகத் தெரிகிற குணம். இப்படி ஓர் ஆளின் வாழ்க்கையோடு சேர்த்துப் பிடித்த சொல் மறக்காது.

‘அம்பிஷியஸ்’ என்ற சொல்லிலும் இதே ஆபத்து உண்டு. பட்டியலில் ‘பேராசை உள்ள’ என்றும் பார்த்திருக்கிறேன், ‘லட்சியம் உள்ள’ என்றும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே ஒருவகையில் சரி. பழைய ரோமில் தேர்தலுக்கு நிற்கிறவர் ஓட்டுக் கேட்டுச் சுற்றி வருவதற்குத்தான் லத்தீனில் அந்தப் பெயர். கைகூப்பிக்கொண்டு வார்டு வார்டாக வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள், சொல்லின் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். இன்றைக்கு இன்டர்வியூவில் நீங்கள் உங்களைப் பற்றிச் சொன்னால் புகழ்ச்சி. கூட வேலை செய்கிறவரைப் பற்றி ‘டூ அம்பிஷியஸ்’ என்றால் புகார்.

அடுத்தது, நாம் தமிழுக்குள்ளேயே வைத்துப் புழங்கும் ஆங்கிலச் சொற்கள். தெரிந்த சொல் என்ற நம்பிக்கையில் அப்படியே பையரிடம் சொல்லிவிடுவோம் என்பதால் இவைதான் அதிகமாக வழுக்கும். கல்யாண விளம்பரத்தில் ‘ஹோம்லி’ பெண் வேண்டும் என்று போடுகிறோம். அமெரிக்கர் காதில் அது ‘பார்க்க அழகில்லாத’ என்று விழும். ‘ரொம்ப இன்னொசென்ட்’ என்று வெகுளியைச் சொல்கிறோம். அவர்களுக்கு முதலில் தோன்றுவது ‘குற்றம் செய்யாதவர்’. உலகம் தெரியாத ஏமாளியை நயீவ் என்பார்கள். ‘அவர் சிம்பிள்’ என்று நாம் கும்பிட்டுச் சொல்கிற இடத்தில், ஆங்கிலத்தில் ‘சிம்பிள்’ என்றால் புத்தி கொஞ்சம் மட்டு என்றும் ஆகலாம். அங்கே டவுன்-டு-எர்த் என்றோ அன்அஸ்யூமிங் என்றோ சொல்லுங்கள், பந்தா இல்லாதவர் என்று அர்த்தம். ‘காலேஜ் பாஸ்டு அவுட்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். வெளிநாட்டவருக்குக் காலேஜில் மயங்கி விழுந்ததாகக் கேட்கும். கிராஜுவேட்டட் போதும். அப்புறம் ‘டென்ஷன்’. நமக்கு அது கவலை, பயம், கோபம், அவசரம் எல்லாமே. ‘அப்பா டென்ஷன் ஆயிட்டார்’ என்றால் அப்பாவுக்குக் கோபம் வந்தது, லாஸ்ட் ஹிஸ் டெம்பர். ‘எக்ஸாம் டென்ஷன்’ என்றால் நெர்வஸ். ‘வேலையில டென்ஷன்’ என்றால் ஸ்ட்ரெஸ்டு. ஒரு டென்ஷனை மூன்றாகப் பிரிக்கத் தெரிந்தாலே உங்கள் ஆங்கிலம் ஒரு படி ஏறிவிடும். ‘ஃபீல் பண்ணாதே’ என்பதும் அப்படித்தான். தமிழில் ஆறுதல், ஆங்கிலத்தில் அரைகுறை வாக்கியம். டோன்ட் பி அப்செட் என்பதுதான் அந்த ஆறுதல்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மொழிக்குள்ளே ஊரின் தட்பவெப்பம் இருக்கிறது. நம்முடையது வெயிலூர். கத்தரி வெயிலில் கோட்டை அகழி ஓரம் நடந்தவருக்குத் தெரியும், நமக்குக் குளிர்ச்சிதான் சுகம். அதனால் நல்லது எல்லாம் நமக்குக் குளிர்ச்சி. மனசு குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது, கண்குளிரப் பார்த்தேன். கெட்டது எல்லாம் சூடு. சுடுசொல், வயிறு எரியுது, சூடாகப் பேசினான். இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே அடுப்பு ஓரம்தான் சுகம். அதனால் வார்ம் என்றால் பிரியமானவர், வார்ம் வெல்கம் என்றால் மனம் நிறைந்த வரவேற்பு, கோல்ட் என்றால் ஒட்டாத, பாசமில்லாத ஆள். பையரை நீங்கள் ‘கோல்ட்’ ஆக வரவேற்றதாக எழுதினால் அவமதித்ததாக ஆகும். ‘யூ மேட் மை ஹார்ட் கூல்’ என்றும் எழுத முடியாது. மனம் குளிர்ந்ததைச் சொல்ல அவர்களுக்கு ஹார்ட்-வார்மிங் இருக்கிறது, அதாவது நெஞ்சைச் சூடாக்குவது! கோபத்தில் மட்டும் இரண்டு மொழியும் ஒன்றுபடுகின்றன. ஹாட்-டெம்பர்ட் என்றால் சட்டென்று சூடாகிறவர்தான். அதை அடக்கி நிதானமாக இருக்கிறவர் கூல்-ஹெடட்.

ஈரமும் அதே கதைதான். பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கிற ஊரில், ‘நெஞ்சில் ஈரம் உள்ளவர்’ என்பதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. மழையில் சலித்த பிரிட்டிஷ்காரரிடம் ஒருவரை ‘வெட்’ என்று சொன்னால் துணிச்சலில்லாத சோப்ளாங்கி என்று அர்த்தம். ஈரநெஞ்சுக்கு அங்கே சாஃப்ட்-ஹார்ட்டட், கைண்ட் என்றுதான் போக வேண்டும். வயிற்றெரிச்சலை ஹார்ட்பர்ன் என்று மொழிபெயர்த்தால் டாக்டர் ஆசிட்டுக்கு மாத்திரை எழுதுவார். நெஞ்செரிச்சல் என்ற நோய் அது. பொறாமைக்கு என்வி, மனம் வெந்த ஆதங்கத்துக்கு ரிசென்ட்மென்ட். உங்கள் தொழிலிலிருந்தே இன்னொன்று. நாம் ‘எருமைத் தோல்’ என்றால் சொரணை இல்லாதவன். ஆங்கிலத்தில் ‘திக்-ஸ்கின்டு’ என்பதற்கு அந்த அர்த்தமும் உண்டு, ஆனால் குறை சொன்னால் துவண்டு போகாதவர் என்ற நல்ல அர்த்தமும் உண்டு. விற்பனைக்காரருக்கு அது வேண்டிய குணம் என்றே சொல்வார்கள்.

சொல்லின் பழைய வீட்டைத் தெரிந்துகொள்வதும் நினைவில் நிறுத்த உதவும். ஜாலியாகச் சிரித்துப் பேசும் ஜோவியல் ஆள் வியாழனுக்குரியவர், முகம் இருண்ட சாட்டர்னைன் ஆள் சனிக்குரியவர், நிமிஷத்துக்கு நிமிஷம் மனம் மாறும் மெர்க்யூரியல் ஆள் புதனுக்குரியவர். ஜாதகம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மெலன்கலி என்பதன் பழைய பொருள் கரும்பித்தம். உற்சாகத்தைக் குறிக்கும் ‘என்தூசியாசம்’ கிரேக்கத்தில் தெய்வம் உள்ளே புகுந்த நிலை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பைச் சத்தம் கேட்டதும் சாமி வந்து ஆடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சொல் இனி உங்களை விட்டுப் போகாது.

சாதனைக்கு வருவோம். இங்கே சொற்கள் தெரியாததைவிட நம் கூச்சம்தான் பெரிய தடை. ‘நான் செய்தேன், நான் செய்தேன்’ என்று பேசினால் தற்பெருமை என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். தமிழும் அதற்கு இடம் கொடுக்கிறது. ‘கம்ப்ளெயின்ட் குறைஞ்சுது’ என்றால் போதும், குறைத்தவர் யார் என்று சொல்லவே வேண்டாம். அதையே ஆங்கிலத்தில் ‘கம்ப்ளெயின்ட்ஸ் பிகேம் லெஸ்’ என்றால், இன்டர்வியூ எடுப்பவர் ‘அதில் உங்கள் பங்கு என்ன?’ என்றுதான் கேட்பார். அங்கே ‘ஐ’ என்பது அகந்தை அல்ல, கேட்டதற்குத் தரும் தகவல்.

அதற்காக ‘டைனமிக்’, ‘ரிசல்ட்-ஓரியன்டட்’ என்று ரெஸ்யூமேயை நிரப்ப வேண்டாம். எல்லோரும் போடுகிறார்கள், ஒருவரும் படிப்பதில்லை. நீங்கள் கையால் செய்ததைச் சின்ன வினைச்சொல்லில் சொல்லுங்கள். நோட்டிஸ்டு, கவனித்தேன். செக்டு, சரிபார்த்தேன். ட்ரேஸ்டு, எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடித்தேன். சஜெஸ்டட், யோசனை சொன்னேன். ட்ரெயின்டு, பழக்கிக் கொடுத்தேன். தோலின் மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, அதில் பெரிய பெரிய சுருக்கம் விழுகிறதா என்று பார்த்து லூஸ் கிரெயின், அதாவது மேல்பரப்பு தளர்ந்த தோல், எது என்று பிடிக்கிறீர்கள் அல்லவா? ‘ஐ நோட்டிஸ்டு லூஸ் கிரெயின் இன் ஒன் லாட், ட்ரேஸ்டு இட், அண்ட் ட்ரெயின்டு தி கட்டர்ஸ் டு செக் பிஃபோர் கட்டிங்.’ இந்த ஒரு வாக்கியம் பத்துப் பெருமைச் சொல்லுக்குச் சமம். ஒதுக்கிய ஜோடிகளின் உண்மையான எண்ணிக்கை உங்கள் ரெஜிஸ்டரில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி வேலை செய்கிறவரை மெட்டிகுலஸ் என்பார்கள். லத்தீன் வேரில் அதற்குப் பயம் என்று அர்த்தம். தப்பு நடந்துவிடுமோ என்று பயந்து பயந்து பார்க்கிறவர், பிறகு நுணுக்கமாகப் பார்க்கிறவர் ஆகிவிட்டார். உங்களைப் பற்றி நீங்களே சொல்ல தரோ, அதாவது எதையும் விடாமல் முழுதாகச் செய்கிறவர், என்பது இன்னும் அடக்கமான சொல்.

இங்கே ஒரு கிராமர் குழியும் இருக்கிறது. ‘என்னால் பாஸ் பண்ண முடிந்தது’ என்பதை ‘ஐ குட் (could) பாஸ்’ என்கிறோம். ஒருமுறை நடந்து முடிந்த வெற்றிக்குக் ‘குட்’ பொருந்தாது. ‘ஐ வாஸ் ஏபிள் டு பாஸ்’ அல்லது ‘ஐ மேனேஜ்டு டு பாஸ்’ என்று சொல்லுங்கள். மேனேஜ்டு என்றதுமே கஷ்டப்பட்டுச் சாதித்தது கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். முடியாததற்கு மட்டும் ‘குட் நாட்’ தாராளமாகச் சொல்லலாம். டார்கெட்டைத் தொட்டால் மெட், தாண்டினால் எக்ஸீடட், எட்டாமல் போனால் ஃபெல் ஷார்ட். மூன்றாவதையும் தயங்காமல் சொல்லுங்கள், அதைச் சொல்கிறவரின் மற்ற இரண்டையும் நம்புவார்கள்.

ஒரு சொல்லை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள்: ரெசிலியன்ட். ஷூவுக்குள் பாதம் படும் இன்சோலுக்குள் வைக்கும் ஃபோமைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு எடுங்கள். குழி மெல்ல மேலே எழும்பி மட்டமாகும். அப்படி எழும்புவதற்கு ரெசிலியன்ஸ் என்றுதான் பெயர். மனுஷருக்கும் அதே சொல். சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு தன்னைப் போன்றவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தை அங்கே தொடங்கி வைத்தார், 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். இதைப் ‘பொறுமை’ என்றால் குறைவு, ‘தைரியம்’ என்றாலும் முழுதாக வராது. அமுங்கி எழுந்தவர், ரெசிலியன்ட். உங்களுக்கு அந்தச் சொல் பொருந்துமா என்று நேர்மையாக யோசித்துவிட்டு மட்டும் பயன்படுத்துங்கள்.

கடைசியாக உணர்ச்சி. இங்கே அளவுதான் முக்கியம். காட்பாடியில் ஒரு நிமிஷத்தில் ரயிலைத் தவறவிட்டால் அனாய்ட். அதனால் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் அப்செட். டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்று பணத்தை ஒருவன் சுருட்டிக்கொண்டு போனால் ஃபியூரியஸ். எல்லாவற்றுக்கும் ‘வெரி ஆங்ரி’ என்றால் எந்தக் கோபத்துக்கும் எடை இல்லாமல் போகும். ஃபியூரியஸ், டெரிஃபைடு (பயத்தில் நடுங்குகிற), எக்ஸாஸ்டட் (களைத்துத் துவண்ட), டிவாஸ்டேட்டட் (மனம் நொறுங்கிய) எல்லாம் ஏற்கெனவே உச்சியில் இருப்பவை. அவற்றுக்கு முன்னால் ‘வெரி’ போடக் கூடாது, ‘அப்சல்யூட்லி’ போடுங்கள். வெரி டயர்டு, அப்சல்யூட்லி எக்ஸாஸ்டட். ‘போர்டு’ என்றால் எனக்கு அலுப்பாக இருக்கிறது, ‘போரிங்’ என்றால் நானே அறுவை. இன்ட்ரஸ்டட், இன்ட்ரஸ்டிங் என்று இந்த ஜோடிகள் எல்லாம் அதே கணக்குத்தான்.

ஒரு சொல்லில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். தமிழில் ‘ஏமாற்றம்’ இரண்டு வேலை செய்கிறது. எதிர்பார்த்தது நடக்காததும் ஏமாற்றம், ஒருவர் மோசடி செய்ததும் ஏமாற்றம். என்னிடம் படித்த ஒரு பெண், தோல் பை ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பையர் ஆர்டரைத் தள்ளிப் போட்டதும் ‘வீ ஃபீல் சீட்டட்’ என்று மெயில் அனுப்பிவிட்டாள். மோசடிக்காரர் என்று தன்னைச் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். மேலதிகாரி போன் செய்து சமாதானப்படுத்த வேண்டியதாகிவிட்டது. அவள் சொல்ல நினைத்தது டிஸப்பாயின்டட். அன்றிலிருந்து என் வகுப்பில் முதல் நாளே போர்டில் எழுதுவது இந்த ஜோடியைத்தான்.

சரி, எப்படிப் படிப்பது? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த எட்டுப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, லைன் சூப்பர்வைசர், டீக்கடை அண்ணன், சண்டை போட்ட நண்பன், இப்படி. ஒருவருக்கு ஐந்து சொல். நல்லது மூன்று, குறை ஒன்று, அவர் உங்கள் மனசில் எழுப்புகிற உணர்ச்சி ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் செய்த ஒரு காரியத்தை வாக்கியமாக எழுதுங்கள். அம்மா ஜெனரஸ் என்று எழுதினால், யாருக்கு எதைக் கொடுத்தார் என்றும் எழுத வேண்டும். எழுத முடியாத சொல்லை அடித்துவிடுங்கள். நாற்பது சொல்தான், ஆனால் நாற்பதும் வாயில் வரும். அப்புறம் இரவில் போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒன்பதாவது ஆளாகக் கடைசி வாரம் உங்களையே எழுதுங்கள். குறைக்கான இடத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். ‘வாட் இஸ் யுவர் வீக்னெஸ்?’ என்று கட்டாயம் கேட்பார்கள்.